குப்பியைப் பார்த்துத் தீர்ப்பு வழங்காதீர்!

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

திருவண்ணாமலை நகரின் பள்ளிவாசல் ஒன்றில் சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆ நாளில் நிகழ்ந்ததை முதலில் கூறிவிடுகிறோம். இமாம் மிம்பரில் ஏறிக் குத்பாவைத் தொடங்கியிருந்தார். மூன்றாம் ஸஃப்பில் ஓர் இளைஞர் வந்து அமர்ந்தார். அவருடைய ஆடையிலிருந்து ஒரு மணம் எழுந்தது. நம் கடைகளில் கிடைக்கும் அத்தர்களின் மணம் அன்று அது. மழையில் நனைந்த காட்டின் பசுமையும், கிராம்பின் காரமும், அணைந்த விறகின் மெல்லிய புகையும் அதில் கலந்திருந்தன. அருகில் அமர்ந்திருந்த பெரியவர் முகம் சுளித்தார். நான்கு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தி, "ஏம்பா தம்பி, சாராயத்தைப் பூசிக்கிட்டா அல்லாஹ்வோட வீட்டுக்கு வர்றது?" என்றார்.

இளைஞர் மறுமொழி கூறவில்லை. எழுந்தார், வெளியேறினார். அன்று அவருக்கு ஜும்ஆ கிடைக்கவில்லை. இரண்டு பேர் தள்ளி அமர்ந்திருந்த நாம், குத்பாவின்போது பேசலாகாது என்னும் சட்டத்தின் பின்னே ஒளிந்துகொண்டோம். தொழுகை முடிந்து, பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லாதபோதும் பேசவில்லை. கற்றவன் பேச வேண்டிய இடத்தில் பேசாதிருப்பது சிறிய குற்றமன்று. அந்த மௌனத்திற்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறோம்.

அந்தக் குப்பியில் இருந்தது என்ன?

மறுவாரம் அவ்விளைஞரின் இல்லம் சென்றோம். அவர் அலமாரியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். பைன் மரத்துக் காயைப் போன்று செதில் செதிலாக வார்க்கப்பட்ட பச்சைக் கண்ணாடிக் குப்பி. 'பீனோ சில்வெஸ்த்ரே' என்பது அதன் பெயர். 1955ஆம் ஆண்டு இத்தாலியில் அறிமுகமான ஆண்களுக்கான நறுமணம் அது. காட்டுப் பைன் என்பது பெயரின் பொருள். இளைஞரின் பாட்டனார் வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். வட ஆர்க்காட்டு முஸ்லிம்களின் தோல் தொழிலுக்கும் இத்தாலிக்கும் உள்ள தொடர்பு நீங்கள் அறிந்ததே. 1980களில் தோல் வாங்க வந்த இத்தாலிய வியாபாரி ஒருவர் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த குப்பி அது. பாட்டனார் பெருநாட்களில் மட்டும் பூசினார். அவருக்குப் பின் பேரன் ஜும்ஆவுக்கு மட்டும் பூசுகிறார். கால் பங்கு எஞ்சியிருக்கிறது.

"ஹஜ்ரத், இதைப் பூசித் தொழுத தொழுகையெல்லாம் கூடுமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் அவர். விடை கூறுமுன் நம் மணிக்கட்டில் ஒரு துளி இடச் சொன்னோம். அறியாத பொருளுக்கு மார்க்கத் தீர்ப்பு வழங்குவது முறையன்று.

முதலில் பைன் ஊசியிலையின் பச்சை வாடையும் துளசியை ஒத்த மூலிகை வாடையும் எழுந்தன. சிறிது நேரத்தில் அவை தணிந்து கிராம்பின் காரம் மேலெழுந்தது. அஸர் தொழும் வேளையில், பாசி படர்ந்த பாறையும் பழைய தோலும் புகையும் கலந்ததொரு மணம் தோலோடு ஒட்டி நின்றது. எங்கேயோ நுகர்ந்த மணம் இது என்று மனம் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு நினைவுக்கு வந்தது: அது ஷமாமா அத்தரின் உறவு.

ஷமாமாவை நம் முன்னோர் குளிர்காலத்தில் பூசுவர். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில், கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், ஜடாமாஞ்சி, கோரைக்கிழங்கு முதலிய பல சரக்குகளைச் செப்புப் பானையில் இட்டு வடிப்பது அது. அதில் சேரும் முக்கியச் சரக்குகளுள் ஒன்று கல்பாசி. ஆம், நம் பெண்கள் குருமாவிலும் பிரியாணி மசாலாவிலும் இடுகின்ற அதே கல்பாசிதான். ஐரோப்பியர் தம் பழைய ஆண் நறுமணங்களில் கருவாலி மரத்தில் படரும் பாசியைச் சேர்த்தனர். அதுவும் கல்பாசியும் ஒரே இனத்து உயிர்கள். அந்தப் பாசியில் ஒவ்வாமை உண்டாக்கும் இரு கூறுகள் இருப்பது தெரிந்ததால், 2021 ஆகஸ்ட் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றை அழகுப் பொருள்களில் அறவே விலக்கிவிட்டது. அத்தகைய நறுமணங்களின் பழைய குப்பிகளைச் சிலர் தேடிப் பிடித்துப் போற்றுவதற்கு இத்தகைய மாற்றங்களும் ஒரு காரணம்.

ஆக, அப்பெரியவர் 'அந்நிய வாடை' என்று முகம் சுளித்த மணத்தின் பசுமையும் காரமும் புகையும் அவர் வீட்டு மசாலா டப்பாவிலேயே இருந்தன. மணப்பொருளைக் காய்ச்சி வடிக்கும் கலையை நூலாக எழுதி வைத்தவர்களுள் முன்னோடி யார்? 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தீ. நறுமண வேதியியல் பற்றிய அவருடைய நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. 'ஆல்கஹால்' என்ற சொல்லே, நாம் சுன்னத் என்று கண்ணில் இடும் சுர்மாவைக் குறிக்கும் 'அல்குஹ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. இவையெல்லாம் ஒரு பொருளை ஹலாலாக்கிவிடா. ஆனால், 'இது காஃபிர்களின் வாடை, அது நம் வாடை' என்று கோடு கிழிப்போருக்கு இவை போதிய மறுமொழியாகும்.

சட்டம் என்ன கூறுகிறது?

இனி மஸ்அலாவுக்கு வருவோம். போதையூட்டும் எதையும் அருந்துவது ஹராம். எப்பொருளிலிருந்து எடுத்தாலும், ஒரு துளியாயினும் ஹராமே. இதில் நமக்குள் பேச்சில்லை. வினா அதுவன்று. மேனியில் பூசும் நறுமணத்தில் கரைப்பானாகச் சேர்ந்துள்ள ஆல்கஹால் நஜீஸா, அதனுடன் தொழுகை கூடுமா என்பதே வினா.

நம் வடமாவட்டங்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், இமாம் அபூஹனீஃபா, இமாம் அபூயூசுஃப் (ரஹ்) ஆகியோரின் கருத்துப்படி, நஜீஸ் எனத் தீர்க்கப்பட்டவை திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும் பெறப்படும் மதுவகைகளே. இக்கால ஹனஃபி அறிஞர் முஃப்தி தகீ உஸ்மானீ அவர்கள், ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையான தக்மிலா ஃபத்ஹுல் முல்ஹிமில் இதை எடுத்து ஆராய்ந்துள்ளார். மருந்துகளிலும் நறுமணங்களிலும் இன்று சேரும் ஆல்கஹாலில் பெரும்பகுதி திராட்சை, பேரீச்சை அல்லாத பொருள்களிலிருந்தே எடுக்கப்படுவதால், அதன் பயன்பாட்டிற்கு இடமுண்டு என்பது அவர் கண்ட முடிவு.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் வாழும் ஷாஃபிஈ சகோதரர்களின் மத்ஹபு இதில் கடுமையானது. போதையூட்டும் திரவம் எதுவாயினும் அது நஜீஸ் என்பதே அங்கு வலுவான கருத்து. ஆயினும், நான்கு மத்ஹபுகளின் சட்டங்களைத் தொகுத்த எகிப்து அறிஞர் அப்துர் ரஹ்மான் அல்ஜஸீரீ, மருந்துகளையும் நறுமணங்களையும் செப்பனிடுவதற்காகச் சேர்க்கப்படும் நஜீஸான திரவம், தேவையான அளவில், மன்னிக்கப்பட்டது எனக் குறித்துள்ளார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மாணவர் முஸனீ, மதுவே ஹராமாயினும் அதன் பொருள் நஜீஸ் அன்று எனக் கருதியவர் என்று குர்துபீ தம் தஃப்ஸீரில் பதிவு செய்துள்ளார். அறிஞர் பெருமக்கள் கருத்து வேறுபட்டு நின்ற இடம் இது என்பதை இவை காட்டுகின்றன.

மறுதரப்பின் வாதத்தையும் மறைக்காமல் கூறுவோம். 'இத்தாலி திராட்சை விளையும் நாடு. அங்கிருந்து வரும் குப்பியில் திராட்சையின் ஆல்கஹால் இராது என்று எப்படி உறுதி கூறுவீர்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023ஆம் ஆண்டு பிரான்ஸ் அரசு, தேங்கிப்போன ஒயினை வாங்கிக் காய்ச்சி, அதன் ஆல்கஹாலைக் கைகழுவும் திரவத்திற்கும் நறுமணத்திற்கும் திருப்பிவிட 20 கோடி யூரோ ஒதுக்கியது. எனவே ஒருவர் பேணுதல் கருதி ஸ்ப்ரே வகைகளை விட்டொழித்தால் அவரைப் போற்றுகிறோம். நாமும் தொழுகைக்கு எண்ணெய் அத்தரையே பூசுகிறோம். ஆனால் பேணுதல் என்பது மனிதன் தன் மீது விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு. அதை எடுத்து அடுத்தவன் தலையில் அடிப்பதற்குப் பேணுதல் என்று பெயரில்லை. உறுதியாகத் தெரியாத ஐயத்தை வைத்து ஒரு முஸ்லிமின் தொழுகையைப் பாழ் என்று அறிவிக்க எவருக்கும் உரிமையில்லை. அவ்விளைஞருக்கு நாம் கூறிய விடை இதுதான்: உம் தொழுகைகள் கூடும். நீர் விட்டுச் சென்ற அந்த ஒரு ஜும்ஆவுக்காக மட்டும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கோரும். அதில் எங்களுக்கும் பங்குண்டு.

'ஆல்கஹால் இல்லாதது' என்னும் முகமூடி

இப்போது பேச வேண்டியதைப் பேசுவோம். அப்பெரியவரைப் போன்றோர் இளைஞர்களுக்குக் காட்டும் மாற்று என்ன? பள்ளிவாசல் வாயில்களிலும் பெருநாள் கடைகளிலும் விற்கும் சிறு குப்பிகள். 'ஆல்கஹால் இல்லாதது', 'ஹலால்', 'சுத்தமான சந்தன அத்தர்' என்னும் எழுத்துகள். மேலே ஒரு மினாரா படம். 10 மில்லி 60 ரூபாய்.

மதரஸா மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. சந்தன எண்ணெயின் விலை கிலோவுக்கு இலட்சங்களில் உள்ளது. குறைத்து ஓர் இலட்சம் என்றே கொள்வோம். ஒரு கிராம் 100 ரூபாய். 10 மில்லி எண்ணெய் ஏறத்தாழப் பத்து கிராம் எடையுள்ளது. ஆகவே அதன் விலை ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அறுபது ரூபாய்க்கு விற்கும் குப்பியில் சந்தனம் எங்கிருந்து வந்தது?

இதை நாம் வேறெவரையும் விட நன்கு அறிய வேண்டியவர்கள். நம் மாவட்டத்தின் ஜவ்வாது மலை சந்தனத்திற்குப் பெயர் பெற்றது. அம்மலையடிவாரத்துத் திருப்பத்தூரில்தான் அரசின் சந்தன மரக் கிடங்கு உள்ளது. 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வரை, தமிழ்நாட்டில் ஒருவர் தம் சொந்த நிலத்தில் முளைத்த சந்தன மரத்திற்குக்கூட உரிமை கொண்டாட இயலாது. அது அரசின் சொத்து. நட்டால் தனக்கில்லை என்றபோது நடுவார் எவர்? வெட்டுவோர் வெட்டினர், கடத்துவோர் கடத்தினர். 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழியும் ஆபத்துள்ள மரங்களின் பட்டியலில் சேர்த்தது. வயிரம் பாய்ந்து எண்ணெய் ஊறுவதற்கு மரத்திற்குப் பல ஆண்டுகள் வேண்டும். மரம் அரிதான பின் எண்ணெய் மட்டும் எப்படி மலிவாகும்?

மரபான அத்தரின் செய்முறையைக் கேளுங்கள். செப்புப் பானையில் பூவும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகும் வறட்டியும் கொண்டு எரிப்பர். ஆவி மூங்கில் குழாய் வழியே, நீரில் அமிழ்ந்த மற்றொரு செப்புக் கலத்திற்குச் செல்லும். அக்கலத்தில் காத்திருப்பது சந்தன எண்ணெய். பூவின் மணத்தை ஏந்திக்கொள்வது அதுவே. சந்தனத்தின் விலை ஏறியதும், பலர் அதன் இடத்தில் பாரஃபின் எண்ணெயையும் டை ஆக்டைல் தாலேட் என்ற வேதிப்பொருளையும் வைத்தனர். இரண்டாவது பொருள் நெகிழியை வளையச் செய்வதற்காகத் தொழிற்சாலைகளில் பயன்படுவது. இனப்பெருக்க ஆற்றலுக்குத் தீங்கு செய்யும் என்பதால் அழகுப் பொருள்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துள்ளது. இன்னும் பல குப்பிகளில் பூவும் இல்லை, மரமும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் சேர்த்த செயற்கை மணம் மட்டுமே உண்டு. செயற்கை மணம் ஹராமன்று. அதைச் செயற்கை என்று கூறி விற்றால் குற்றமும் அன்று. 'சுத்தமான சந்தனம்' என்று எழுதி விற்பதே குற்றம்.

ஆம், அக்குப்பியில் ஆல்கஹால் இல்லை. பொய் இருக்கிறது. இவ்விரண்டில் எது குறித்து நம் மார்க்கத்தில் கருத்து வேறுபாடே இல்லை? கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் மறைக்கப்பட்டிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று அறிவித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! அளவில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று தொடங்கும் அவ்வத்தியாயத்தின் 26ஆம் வசனத்தில்தான் சுவனத்துப் பானத்தின் கஸ்தூரி முத்திரை பேசப்படுகிறது. மோசடிக்காரரைச் சபித்துத் தொடங்கும் அத்தியாயத்திலேயே கஸ்தூரி மணம் நல்லோருக்கு வாக்களிக்கப்பட்டிருப்பதைச் சிந்திப்போருக்கு வேறு பாடம் வேண்டுவதில்லை.

இதைச் சுட்டிக்காட்டினால், 'ஏழைகள் வாங்கும் விலையில் கிடைக்கிறதே, அதையும் கெடுக்க வேண்டுமா?' என்கின்றனர். ஏழைக்கு மலிவான மணம் கிடைக்கட்டும். மலிவான பொய் வேண்டாம். 'கலப்பு எண்ணெய் நறுமணம்' என்று எழுதி அதே அறுபது ரூபாய்க்கு விற்கலாமே! உண்மையைக் கூறினால் விற்பனை குறையும் என்று அஞ்சுவோர், ரிஸ்க்கை அளிப்பவன் யார் என்பதை மறந்துவிட்டனர்.

அன்று உண்மையில் தவறியவர் யார்?

மீண்டும் அந்த ஜும்ஆவுக்குச் செல்வோம். ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அறிவித்து ஸஹீஹ் புகாரியில் இடம்பெறும் ஹதீஸ் ஒன்று, ஜும்ஆவுக்கு வருபவரின் ஒழுங்குகளைக் கூறுகிறது. குளித்துத் தூய்மையாகி, எண்ணெயோ வீட்டிலுள்ள நறுமணமோ பூசி, இருவருக்கிடையே பிரிவை உண்டாக்காமல் அமர்ந்து, தொழுது, இமாம் பேசும்போது வாய்மூடி இருப்பவருக்கு, அந்த ஜும்ஆவுக்கும் அடுத்த ஜும்ஆவுக்கும் இடைப்பட்ட பாவங்கள் மன்னிக்கப்படும் என்பது அதன் கருத்து. மற்றோர் அறிவிப்பில், வேறு மணம் இல்லையெனில் வீட்டுப் பெண்களின் மணப்பொருளையேனும் பூசிச் செல்லுமாறு வழிகாட்டப்பட்டுள்ளது. நறுமணத்திற்கு எவ்வளவு இடம் கொடுத்த மார்க்கம் பாருங்கள்!

இளைஞர் வீட்டிலிருந்த மணத்தைப் பூசி வந்தார். பெரியவரோ குத்பாவின்போது பேசினார். பக்கத்தில் இருப்பவரை 'பேசாதே' என்று அடக்குவதுகூட அவ்வேளையில் வீண் செயல் என்று ஹதீஸ் இருக்க, அவர் வசை பேசினார். ஸஃப்பிலிருந்து ஒருவரைப் பிரித்தார். பள்ளிவாசலின் தூய்மையைக் காக்கவே பேசினேன் என்று அவர் கூறுவாராயின், அதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. நாட்டுப்புற அரபி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியிலேயே சிறுநீர் கழித்தபோது நடந்தது என்ன? ஐயத்திற்கு இடமில்லாத நஜீஸ் அது. தடுக்கப் பாய்ந்த தோழர்களை நபி (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள்; அவர் முடிக்கும்வரை விட்டார்கள்; பிறகு ஒரு வாளி நீரை ஊற்றச் சொன்னார்கள். உறுதியான அசுத்தத்திற்கே அத்தகைய மென்மை. ஐயத்திற்குரிய ஒரு துளி மணத்திற்கு நம்மிடம் இத்தனைக் கடுமையா?

பெரியவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவருக்கு அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. கற்பித்தவர்கள் நாம். மிம்பரிலும் மதரஸாவிலும் 'ஸ்ப்ரே ஹராம்' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டு, வாயிலில் விற்கும் பொய்யைப் பற்றி ஆண்டுக்கு ஒரு சொல்லும் பேசாத நம் போன்றோரே இதற்குப் பொறுப்பு.

எனவே மூன்று வேண்டுகோள்கள். அத்தர் விற்கும் சகோதரர்களே, குப்பியில் இருப்பதைக் குப்பியின் மேல் எழுதுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, பள்ளிவாசல் வாயிலில் கடைவிரிக்க இசைவளிக்கும்போது வாடகையை மட்டும் கேளாமல் சரக்கின் உண்மையையும் கேளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு மணத்தை நுகரக் கற்றுக்கொடுங்கள். வெட்டிவேருக்கும் விலாமிச்சைக்கும், சந்தனத்திற்கும் அதன் போலிக்கும் வேறுபாடு அறிந்த மூக்கை ஏமாற்றுவது எளிதன்று. கூடவே வீண்விரயத்தையும் எச்சரியுங்கள். பழைய இத்தாலியக் குப்பிகளுக்கு ஆயிரங்களைக் கொட்டித் தேடும் மோகம் நம் வீடுகளுக்கு வேண்டாம். பாட்டனார் விட்டுச்சென்றதை நாற்பது ஆண்டுகளாகத் துளித்துளியாகப் பூசும் அக்குடும்பத்தின் சிக்கனம் போதும்.

அவ்விளைஞர் சென்ற வாரம் ஜும்ஆவுக்கு வந்தார்; பின் ஸஃப்பில், எந்த மணமும் பூசாமல் அமர்ந்திருந்தார். தொழுகைக்குப் பின் அப்பெரியவரை அழைத்துச் சென்று அவர் கையை இவர் கையில் வைத்தோம். பெரியவர் மெல்ல, "அடுத்த வாரம் பூசிக்கிட்டு வாப்பா" என்றார்.

வல்லோன் அல்லாஹ் நம் வணிகத்தையும் நாவையும் தூய்மையாக்குவானாக. ஆமீன்.